குழந்தை ரூமில் மகராசி

என் செடி பூச்சி தின்னும். ஈ, எறும்பு, கொசு, எப்போதாவது ஒரு குட்டிக் கரப்பான். இதைச் சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் என்னவோ நான் புலி வளர்ப்பது போல வாசலிலேயே நின்று எட்டிப் பார்ப்பார்கள். "விரலை விட்டா கடிச்சிடுமா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "விட்டுத்தான் பாருங்களேன்" என்பேன். இதுவரை ஒருவரும் விட்டதில்லை.

குடுவைச் செடி என்பார்கள். தொங்கும் தொட்டியில், எங்கள் இரண்டாவது படுக்கையறையின் ஜன்னலோரம் இருக்கிறது. அந்த அறைக்குக் குடும்பத்தில் பெயர் 'குழந்தை ரூம்'. குழந்தை கிடையாது. கல்யாணமான புதிதில் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் நாத்தனார் அந்தக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்து, "இது குழந்தை ரூம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பால்காரர்கூட அப்படித்தான் சொல்கிறார். பெயர் மட்டும் பிறந்து வளர்ந்து பெரிதாகிவிட்டது.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. நான் கூப்பிடுவது 'அண்ணி' என்று. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தார், குரலை விடவில்லை. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்னை ராட்சசி என்று நினைக்கக்கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை.

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். அந்தக் காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு ஒரு பிரேக். வாழ்நாள் முழுக்க பிரேக்மேலேயே கால் வைத்துப் பழகிய மனிதர். நல்லவர், அதிர்ந்து பேசமாட்டார். அக்கா பேசினால் அதுவும் பேசமாட்டார்.

நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் எங்கள் லேபில் பீங்கான் பொடியைக் குழைத்துப் பல்லாக்கி, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி நிறம் தீட்டி அனுப்புவோம். நெற்றியில் பூதக்கண்ணாடி, கையில் இமைமுடி கனத்துக்கு ஒரு பிரஷ். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். நாத்தனார் தன் தோழிகளிடம் என்னைப் 'பல்லுக்காரி' என்றுதான் சொல்வார். காதில் விழுந்திருக்கிறது. தொழிலைச் சொல்கிறார், அதில் என்ன கோபம்?

கோபம் வேறு இடத்தில் இருந்தது.

குழந்தை உண்டாகவில்லை என்றதும் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனவர் அண்ணிதான். மாத்திரை, ஊசி, ஸ்கேன். வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் கடைசியில் சொன்னது ஒன்றே: "உங்க கிட்ட ஒண்ணும் குறை தெரியல. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. சின்ன டெஸ்ட்தான்." வீட்டுக்கு வந்து சொல்வேன். "பார்க்கலாம்" என்பார். அடுத்த வாரம் லைசென்ஸ் பரீட்சைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதற்கடுத்த வாரம் வண்டி சர்வீஸ். அண்ணியிடம் ஜாடைமாடையாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "என் தம்பிக்கு என்ன குறை? சின்ன வயசுல ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கினவன்!" என்றார். ஓடினால் எல்லாம் சரியாக இருக்கும் என்று அவர் நினைப்பு. டாக்டரையே மாற்றினார். புது டாக்டரும் அதையே சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழியில், இனி இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நர்சரி ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே போனேன். மூலையில் ஒற்றைக் குடுவையோடு வாடித் தொங்கிக்கொண்டிருந்தது இது. "அது வேணாம்மா, பூச்சி புடிக்கிற செடி. யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்றார் கடைக்காரர். "எனக்கு அதுதான் வேணும்" என்றேன். மடியில் வைத்துக்கொண்டே வந்து, குழந்தை ரூமைத் திறந்து, ஜன்னல் கம்பியில் மாட்டினேன். ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகவில்லை. செடிக்கு மகராசி என்று பேர் வைத்தேன். என்னை யாரும் அப்படி வாழ்த்தவில்லை, இவளாவது இருக்கட்டும் என்றுதான்.

மகராசிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும். மேல்மாடி வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் அவளுக்கு. அந்தக் குழாய்க்கு அடியில் ஒரு கேன் கட்டியிருக்கிறேன். வெயில் காலத்தில் மேல்மாடிக்காரம்மா பால்கனியிலிருந்து குனிந்து, "இன்னிக்கு சீக்கிரமே ஏசி போட்டுட்டேன், உன் ராணிக்குப் போதுமா?" என்று கத்துவார். உரம் கூடாது. நல்ல மண்ணும் கூடாது. தேங்காய் நாரும் கொஞ்சம் பாசியும் இருந்தால் போதும். ஊட்டினால் சாவாள், விட்டுவிட்டால் செழிப்பாள். இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் கண்ணாடியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

இலை நுனியிலிருந்து ஒரு இழை நீளும். அதன் முனை வீங்கித் தொங்கிக் குடுவையாகும். அதுவரை மூடி ஒட்டியே இருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் மூடி தானே திறந்து, வாயோரம் சிவப்பாகத் தடித்து மினுங்கும். மூடிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தே பார்த்திருக்கிறேன், நல்ல தித்திப்பு. எறும்புகள் வரிசை கட்டி வந்து குடிக்கும். வந்ததெல்லாம் விழும் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி எறும்புகள் குடித்துவிட்டுச் சேமமாக வீடு போய்ச் சேரும். வாயோரம் ஈரமாக இருக்கிற நேரம் பார்த்துக் கால் வைத்தது மட்டும் சறுக்கி உள்ளே போகும். லேபிலிருந்து வந்ததும் காபியை எடுத்துக்கொண்டு அந்த அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதைப் பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "வீட்டுக்குள்ள ரத்தக்காட்டேரி" என்பார். முதல் முறை பார்த்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டார், அதில் வாடையே கிடையாது. அப்புறம் ஒருநாள், நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கையில், செடியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாத் தின்னுது. பூக்கவும் மாட்டேங்குது, காய்க்கவும் மாட்டேங்குது. வீட்டுக்கு ஏத்த செடிதான்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல. நான் கையிலிருந்த டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அண்ணி ஒரு புதன்கிழமை வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தாம்மா, புதுசா ஒரு டாக்டர். என்கூட வேலை பார்த்தவளோட மருமகளுக்கு அவங்க கைராசியாலதான் நின்னுச்சு. திங்கக்கிழமை உன்னைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி அந்த ரூமைக் காலி பண்ணணும். ஞாயித்துக்கிழமை பெயிண்டரைக் கூட்டிட்டு வரேன். அந்தப் பிசாசுச் செடி வெளிய போகணும். அது இருக்கற ரூம்ல எப்படிக் குழந்தை வரும், சொல்லு?"

"அண்ணி, நான் டாக்டர்கிட்ட போறதை விட்டாச்சு."

"நீ விட்டா? நாங்க விட்டோமா? தம்பிகிட்ட பேசிட்டேன். அவன் சரின்னுட்டான்."

அவர் போனதும் என் வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே பிடித்தேன்.

"சரின்னு சொன்னீங்களா?"

"அக்கா ரொம்ப ஆசைப்படுது. ஒரு செடிதானே. மாடியில கொண்டுபோய் வைப்போம்."

"மாடி வெயில்ல வச்சா ஒரே நாள்ல காஞ்சு போவா."

"வேற ஒண்ணு வாங்கித் தரேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "வேற ஒண்ணு! உங்க அக்காவும் என்னைப் பத்தி இதையேதான் நினைச்சிட்டிருப்பாங்க" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்க் கை கால் கழுவினார். அன்றைக்குச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். மகராசியின் உச்சியில் இரண்டு இலைகளுக்கு நடுவே பச்சையாக ஒரு வால் போல் ஏதோ கிளம்பி, அதில் கடுகு கடுகாக மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில மொட்டுகள் மிளகு அளவுக்கே பருத்திருந்தன. கேன் தண்ணீரை ஊற்றுகிற அவசரத்தில் இத்தனை நாள் புது இலைக் குருத்து என்றே நினைத்துவிட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் லேப் இருக்கும் கட்டடத்தில் கீழே ஒரு போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற அந்தப் பெரியவரும் என் கட்சி. ஸ்டூடியோவின் விளக்கு வெளிச்சத்திலேயே குடுவைச் செடி வளர்க்கிறார். அவருடையது வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும், பெண் செடி. பூத்துக் கொட்டிவிடும், அவ்வளவுதான். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் கொடுக்க ஒரு ஆண் செடி கிடைக்குமா என்று அவர் கேட்காத இடமில்லை.

"சார், மகராசி பூக்கப் போறா!"

போட்டோவுக்கு உட்கார்ந்திருந்த ஒருவரை "அசையாம இருங்க" என்று அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். "நிஜமாவா? என்னோடதும் இப்பத்தான் விரிஞ்சிட்டிருக்கு. ஆணா பொண்ணா?"

"என்ன சார் கேள்வி? பொண்ணுதான்."

"யார் சொன்னது?"

"மகராசின்னு பேர் வச்சிருக்கேனே சார்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேர் வச்சா ஆச்சா? பூ விரியட்டும், அப்பத் தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, இப்போ தொட்டியை இடம் மாத்திடாதீங்க. மொட்டெல்லாம் உதிர்ந்திடும்."

அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மகராசி அந்த ஜன்னலை விட்டு நகரப்போவதில்லை. பெயிண்டர் வரட்டும், அண்ணி வரட்டும், ஆஸ்பத்திரியையே பெயர்த்துக்கொண்டு வரட்டும். வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னேன், "செடி நகராது. நானும் திங்கக்கிழமை எங்கயும் வரமாட்டேன். உங்க அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை வரட்டும், பேசிக்கலாம்" என்றார். பிரேக்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து அறைக்கதவைத் திறந்தபோதே ஒரு வாசனை. நல்ல வாசனை என்று பொய் சொல்லமாட்டேன். ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி வைத்து அதன்மேல் சர்க்கரையைக் கொட்டினது போல ஒரு புழுங்கின இனிப்பு. தண்டின் அடியிலிருந்த மொட்டுகள் விரிந்திருந்தன. பட்டாணியைவிடச் சின்னப் பூ. பழுப்புப் பச்சையில் நாலு இதழ், ஒவ்வொன்றின் மேலும் பொடிப்பொடியாகத் தேன் துளி. ஓர் எறும்பு அதற்குள் அங்கே ஆஜர்.

லேப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினேன். பூவின் நடுவில் ஒரு குட்டிக் காம்பு, அதன் தலையில் மஞ்சளாக ஒரு உருண்டை. அடுத்த பூவைப் பார்த்தேன். அதிலும் மஞ்சள் உருண்டை. விரலால் லேசாகத் தொட்டேன், நுனியில் மஞ்சள் பொடி ஒட்டியது.

மகரந்தம். என் மகராசி ஆம்பிளை.

ஸ்டூல்மேல் நின்றபடியே சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தேன். எத்தனை நாள் 'வாடி போடி' என்று பேசியிருக்கிறேன்! அப்புறம் அண்ணி சொன்னது ஞாபகம் வந்தது. காய்க்க மாட்டேங்குது, வீட்டுக்கு ஏத்த செடி. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. காய்க்கவில்லை என்றதும் பொம்பளைதான் என்று அவர் முடிவுகட்டினார். அவரைச் சொல்வானேன், நானும்தான் கட்டினேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டூலிலிருந்து இறங்கவே சற்று நேரமானது.

வாசல் மணி அடித்தது. அண்ணி முன்னால், பின்னால் இரண்டு பெயிண்ட் வாளியும் ஏணியுமாகப் பெயிண்டர். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோடு சுவராக நின்றுகொண்டார்.

"இன்னும் காலி பண்ணலையா?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் நுழைந்த அண்ணி அப்படியே நின்றார். செடியை அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ன?"

"பூ, அண்ணி."

"பூத்திடுச்சா?" அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "அடி ஆத்தாடி! டேய் தம்பி, இங்க வந்து பாருடா! பூத்திடுச்சுடா! நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், இன்னிக்குப் பூத்து நிக்குது! இதுக்கு மேல என்னடா சகுனம் வேணும்?" என்னைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். கல்யாணத்தன்று கட்டிக்கொண்டது, அதற்கப்புறம் இப்போதுதான். "நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. இது இங்கயே இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது. பூத்தாச்சுல்ல, இனி காய்க்கும். உனக்கும் அப்படித்தான், பார்த்துக்கிட்டே இரு."

அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நிஜமான சந்தோஷம். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. செடி நகர வேண்டாம், சண்டை வேண்டாம். வாயை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டல் போதும், மகராசி பிழைத்துக்கொள்வாள். நாளைக்கு நான் அந்த டாக்டர் மேசையில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அப்புறம் இந்தப் பூ உதிர்ந்து காயே வராமல் போகும்போது இதே அண்ணி என்னையும் மகராசியையும் சேர்த்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நினைத்தேன்.

"இது காய்க்காது, அண்ணி" என்றேன்.

"வாயைக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா."

"காய்க்காது. இது ஆம்பிளைச் செடி. இதுல ஆண் தனி, பொண்ணு தனி. இதுல பூ வரும், மகரந்தம் வரும். காய் எந்தக் காலத்துலயும் வராது. வேணும்னா இந்தக் கண்ணாடியை மாட்டிப் பாருங்க."

"ஆம்பிளையா? நீதானே மகராசி, மகராசின்னு கொஞ்சிட்டிருந்த?"

"ஆமா. காய்க்கலன்னதும் நீங்களும் பொம்பளைன்னு நினைச்சீங்க, நானும் நினைச்சேன். யாருமே பார்க்கல. என் விஷயத்துலயும் அதேதான். எனக்கு ஊசி போட்டாங்க, வயித்துல துளை போட்டாங்க. குறை இல்லைன்னு ஒவ்வொரு டாக்டரும் சொன்னாங்க. நீங்க டாக்டரைத்தான் மாத்தினீங்க. உங்க தம்பி இன்னிக்கு வரைக்கும் ஒரே ஒரு டெஸ்ட்டுக்குக்கூடப் போனதில்லை. அது தெரியுமா உங்களுக்கு?"

ஏணியை ஒரு கையில் பிடித்தபடி நின்றிருந்த பெயிண்டர், "நான் வேணா வெளிய நிக்கட்டுமா மேடம்?" என்றார்.

"நில்லுங்கண்ணே. இத்தனை பேர் கேட்டாச்சு, நீங்களும் கேளுங்க."

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பார்த்து என்ன பேசற? என் தம்பியைப் பார்த்தா சொல்ற? அவனை நான் வளர்த்திருக்கேன்! டேய், நீ பேசுடா! உன் பொண்டாட்டி உன்னை என்ன சொல்றா பாரு, வாயில்லாப் பூச்சி மாதிரி நிக்கறியே!"

நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எறும்பு அடுத்த பூவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அவ சொல்றது சரிக்கா" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னடா?"

"டாக்டர் என்னைத்தான் வரச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும். இவ வந்து சொல்லுவா. நான்தான் போகல. பயம். ஏதாவது இருந்துட்டா உன் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு." குரல் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. "நீ அன்னிக்கு இவளையும் செடியையும் சேர்த்துச் சொன்னப்பகூட நான் பேசல."

திரும்பிப் பார்த்தேன். சுவரை விட்டு விலகி அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார், வேர்த்து விறுவிறுத்துப் போய். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக என் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஓட்டப் பந்தயத்தில் தம்பி விழுந்துவிட்டதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் போல இருந்தார்.

எனக்கு மனம் இளகியதா என்று கேட்காதீர்கள். இளகவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒருத்தர் உண்மையைச் சொன்னதற்கு நான் ஆரத்தியா எடுக்க முடியும்?

"திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் இருக்கே அண்ணி, அதுக்கு உங்க தம்பியே போகட்டும்" என்றேன். "நான் வரமாட்டேன். என்ன முடிவு வந்தாலும் வரமாட்டேன். என் உடம்பை இனிமே யாரும் திறந்து பார்க்க வேண்டாம். அது என்னோடது."

அண்ணி எழுந்தார், புடவையைச் சரிசெய்துகொண்டார், போய்விட்டார். செருப்பு மாட்டும்போது ஒருமுறை தடுமாறினார். என் கணவர் பிடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டார்.

பெயிண்டர் தொண்டையைச் செருமினார். "இப்ப நான் என்ன பண்ணட்டும்? குழந்தை ரூம்னு சொன்னாங்கன்னு ரோஸ் கலர் கலக்கிட்டு வந்துட்டேன்."

"செடி ரூம்ணே" என்றேன். "வெள்ளை இருக்கா?"

"கூரைக்குன்னு ஒரு வாளி இருக்கு."

"அதையே நாலு சுவருக்கும் அடிங்க. வெளிச்சம் நல்லாத் திரும்பும். அந்தத் தொட்டியை மட்டும் தொடாதீங்க, சுத்தி வந்து அடிங்க."

அவர் வாளியைத் திறந்து காட்டினார். லேசாக நீலம் ஓடின வெள்ளை. கடைவாய்ப் பல்லுக்கு ஆகாது, சுவருக்கு ஆகும் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தார்.

என் பல் பிரஷைக் கழுவிக் காயவைத்து, மஞ்சள் பொடியைப் பூப்பூவாகத் தட்டி ஒரு வெள்ளித் தாளில் சேர்த்தேன். போட்டோக்காரருக்கு போன் போட்டேன். "சார், மாப்பிள்ளை எங்க வீட்லதான் இருந்திருக்கான்." மறுமுனையில் அவர் போட்ட கூச்சலில் காதைத் தூரப் பிடிக்க வேண்டியிருந்தது. கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொன்னார்.

"நான் கொண்டுபோய் விடட்டுமா?" என்றார் என் வீட்டுக்காரர், வாசல்படியில் சாவியோடு நின்றுகொண்டு.

"நீங்க வண்டி ஓட்டுங்க. பேச வேண்டாம்" என்றேன்.

டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் ஓட்ட, நான் இரண்டாவது பிரேக் இருக்கிற அவருடைய சீட்டில் உட்கார்ந்துகொண்டேன், கையில் வெள்ளித் தாள். ஸ்டூடியோவில் என் பிரஷாலேயே அந்தப் பெண் செடியின் பூக்களில் ஒவ்வொன்றாகத் தடவினேன். போட்டோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கை வலித்திருக்கும், கீழே இறக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் தனியாகவே போனார். மறுபடியும் ஒருநாள் போய் முடிவை வாங்கி வந்தார். வந்து என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லமாட்டேன், அது என் சமாசாரம் இல்லை.

சில வாரம் கழித்து போட்டோக்காரரின் செடியில் காய்கள் பருத்தன. ஒல்லியாக, பச்சையாக, தண்டு முழுக்க. படமெடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார், பாஸ்போர்ட் முகங்களுக்கு நடுவில். விதை முற்றினால் எனக்கும் பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகராசி இப்போது மகராசன். அடுத்த குடுவைக்கு வாய் திறந்திருக்கிறது.

நேற்று சாயங்காலம் நான் செடி ரூமில் காபியோடு உட்கார்ந்திருந்தபோது அண்ணி வந்தார். அன்றைக்கப்புறம் முதல் தடவை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மெதுவாக உள்ளே வந்து, புது வெள்ளைச் சுவரைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தில் குனிந்து, யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, டாக்டர் என்ன சொன்னாங்களாம்? அவன் டெஸ்ட்டுல என்ன வந்துச்சாம்?"

இத்தனை வருஷமாக எல்லாக் கேள்விக்கும் என்னிடம்தான் வந்தார். நான் எழுந்து ஸ்டூலை அவருக்குக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி அங்கதான் இருக்கார், அண்ணி" என்றேன். "அவரையே கேளுங்க."